தண்ணீர் ஊற்றிய இடம்

ஜூலை 6, ஞாயிறு

சிவாங்கா முகாம். கடல் தாண்டி வந்து நான்கு நாள் ஆகிறது, இன்றுதான் பேனா எடுக்க நேரம் கிடைத்தது. அறையில் ஒரு கட்டில், ஒரு பல்லி, ஜன்னலில் பாதிக் கண்ணாடி. மீதிப் பாதிக்கு அட்டை வைத்து ஆணி அடித்துவிட்டேன்.

இந்த நாட்டுப் படையில் ஒரு பட்டாளம் அமைதிப் படையாக வடக்கே பக்கத்து நாட்டுக்குப் போகிறது. அங்கே சண்டை ஓய்ந்துவிட்டது, ஆனால் சாலையெல்லாம் கண்ணிவெடி. வெடியை எடுக்கப் போகும் இருபத்தெட்டுப் பேருக்குப் பாடம் சொல்ல நம் ராணுவத்திலிருந்து நாங்கள் மூன்று பேர் வந்திருக்கிறோம். மேஜர் பிஷ்ட், சுபேதார் தணிகாசலம் என்கிற நான், ஹவில்தார் யேசுபாதம். கூடாரம் ஒரு நாடு கொடுத்தது, டிடெக்டர் ஐரோப்பாவில் ஒரு நாடு கொடுத்தது, வாத்தியார் நாங்கள். கல்யாணப் பெண்ணுக்கு ஆளுக்கொரு சீர் வைப்பதுபோல வைத்திருக்கிறார்கள். வடக்கே போய் வாழப்போவது இந்தப் பிள்ளைகள்தான்.

யேசுபாதம் நாசரேத்துக்காரன், நான் வேலூர்ப் பக்கம். மேஜருக்கு இமயமலை அடிவாரம், ஆனால் பதினாறு வருஷம் எங்கள் சாப்பர் என்கிற பொறியாளர் படையில் இருந்து தமிழ் கற்றுக்கொண்டவர். நீயும் நீங்களும் மட்டும் அவருக்கு ஒரே பானையில் வேகும்.

ஜூலை 14

வகுப்பு சூடு பிடித்துவிட்டது. எங்கள் படையில் அதிகாரியையும் சுபேதாரையும் சாப் என்போம், சிப்பாயைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பழக்கத்தில் நான் "தம்பி, மெதுவா!" என்று கத்திக் கத்தி, இப்போது முகாம் முழுக்க எனக்குத் "தம்பி சார்" என்று பெயர் வந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயதில் தம்பி ஆகிவிட்டேன்.

பாடம் இதுதான். ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் வெள்ளை நாடா. இதை லேன் என்போம். உள்ளே எங்கோ நான்கு டம்மி வெடிகள். முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு காதில் ஹெட்போன் மாட்டி உலோகம் தேடும் டிடெக்டர், அது கூவினால் முட்டி போட்டு ப்ராடர் என்கிற கூர்க்கம்பியால் சாய்வாகக் குத்திக் குத்தித் தேட வேண்டும். கிடைத்தால் சிவப்புக் கொடி. டம்மியை மிதித்தால் டிக் என்று ஒரு சத்தம் வரும். நிஜ வெடியில் அந்தச் சத்தத்தைக் கேட்க ஆள் இருக்காது.

இங்கே செம்மண், அதில் இரும்பு கலந்திருக்கிறது. டிடெக்டர் சும்மா இருக்கும் கல்லுக்கெல்லாம் கூவுகிறது. பொறுமை வேண்டும் என்று நாலு முறை சொன்னேன்.

பேர் சொல்லிக்கொள்ளும்படி ஒருவன் இருக்கிறான், சார்ஜென்ட் பாண்டா. ஆறடி உயரம், சிரித்த முகம், கையில் நடுக்கமே இல்லை. எதிர்ப் பக்கத்தில் கார்ப்பரல் தாண்டிவே முவாலே. இருபத்தெட்டில் ஒரே பெண். செப்புச் சுரங்கம் இருக்கும் டவுனில் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கேள்வி கேட்டே உயிரை எடுக்கிறாள்.

(அவர்கள் பேசுவது ஆங்கிலம். நான் என் பேச்சில்தான் எழுதுவேன், எனக்கு அப்படித்தான் வரும்.)

ஜூலை 15

சாக்ஸ் நான்கு ஜோடி துவைத்தேன். செம்மண் போகவில்லை.

ஜூலை 28

நாளை முதல் தேர்வு. ஒரு நாளைக்கு ஏழு பேர், ஏழு லேன், இருபத்தெட்டு டம்மி. மாலையில் நானே உட்கார்ந்து புதைத்தேன். யேசுபாதத்தை விடவில்லை, அவனுக்குக் கை அவசரம். தோண்டிய மண் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். அதற்கு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி உள்ளங்கையால் அமுக்கி, மேலே பழைய புழுதியைத் தூவி, விளக்குமாற்றால் ஒரு தடவு. காலையில் பிரம்மாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பெங்களூரில் எங்கள் பயிற்சி மையத்தில் இருபது வருஷம் இப்படித்தான் புதைத்தேன்.

இரண்டு மாதமாக மழை இல்லை, கை பம்பு தூரம். பாண்டாவும் இரண்டு பேரும் கேட்காமலேயே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள்.

ஆகஸ்ட் 1

நான்கு நாள் தேர்வு முடிந்தது. இருபத்தேழு பேர் தேர்ச்சி! ஒரு டம்மிகூடத் தப்பவில்லை. பாண்டா இருபத்தாறு நிமிஷத்தில் முடித்தான். நான் என் ராணுவ வாழ்க்கையில் இப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்லை. மேஜர் என் தோளைத் தட்டி, "சாப், நீ வாத்தியார் இல்ல, மந்திரவாதி" என்றார். வாய் வலிக்கிற வரை சிரித்தேன்.

தாண்டிவே தோல்வி. ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொன்னேன், அவள் அப்போது ஆறாவது மீட்டரில் ஒரு துருப்பிடித்த ஆணியைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் 'தோல்வி – மெதுவு' என்று எழுதினேன்.

எங்கள் வழக்கப்படி, எடுத்து முடித்த ஒவ்வொரு லேனிலும், இனி வெடி இல்லை என்று கையெழுத்துப் போடுகிறவன்தான் முதலில் நடக்க வேண்டும். இருபத்தேழிலும் நடந்தேன். இது எதற்கு என்று தாண்டிவே கேட்டாள். வழக்கம் என்றேன். படையில் எனக்கு மூத்தவராக இருந்த ஏகாம்பரம் அண்ணன் நினைவு வந்தது. வேறு வேலை பார்த்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

யேசுபாதம் புளி இல்லாமல் குழம்பு வைத்தான். எலுமிச்சை பிழிந்திருக்கிறான், பாவம். சோளமாவுக் களிக்கு அது ஒட்டவில்லை. தின்றோம்.

என் மனைவி வளர்மதி போனில் வந்தாள். ஏகாம்பரம் அண்ணன் மகளுக்கு நவம்பரில் கல்யாணம், அண்ணி நேரில் வந்து பத்திரிகை வைத்தார்களாம்.

"அண்ணி உன்னைத்தான் முதல்ல கேட்டாங்க. ஒரு வார்த்தை போன்ல பேசேன்யா. இன்னாத்துக்கு இப்படி ஒதுங்குற?"

"சிக்னல் சரியில்ல" என்றேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 15

கொடி ஏற்றினோம், மூன்று பேர் பாடினோம். பாண்டா கூட்டமும் வந்து வாயசைத்தது. இரண்டாவது தேர்வும் இன்றோடு முடிந்தது. மறுபடி இருபத்தேழு. பாண்டா பத்தொன்பது நிமிஷம். தாண்டிவே மறுபடி தோல்வி, மெதுவு.

அவளை அழைத்துப் பேசினேன். "ஏம்மா, மத்தவங்க எல்லாம் முடிச்சிட்டு டீ குடிக்கிறாங்க. நீ மட்டும் இன்னா பண்ற?"

"டிடெக்டர் கூவினா தேடுறேன் சார். நீங்க அப்படித்தானே சொல்லிக் குடுத்தீங்க?"

"கூவுற எல்லாத்தையும் தோண்டினா பொழுது போயிடும்."

"எது வெடி, எது கல்லுன்னு தோண்டாம எப்படி சார் தெரியும்? அவங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு எனக்குப் புரியல. பாண்டா டிடெக்டரைக் காதுலகூட மாட்டுறதில்ல."

பொறாமை என்று நினைத்தேன். அதையே சொல்லியும்விட்டேன். அவள் சல்யூட் அடித்துவிட்டுப் போனாள். மூன்றாவது முறையும் தவறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், விமானத்தில் இடம் கிடையாது. அது அவள் பாடு.

மேஜர் தூதரகத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டார். என் பெயர் பாராட்டுக்குப் போயிருக்கிறது. அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் அது பேசும் என்றார்.

ஆகஸ்ட் 19

மலேரியா. எலும்பை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 21

எழுந்து உட்கார முடிகிறது. எழுந்ததே தப்பு. நான் படுத்திருந்ததால் நேற்று யேசுபாதம் டம்மி புதைத்தான், இன்று ஏழு பேருக்குப் பயிற்சி. ஏழில் ஆறு லேனில் அவன் நடந்தபோது டிக், டிக், டிக். பாண்டா லேனில் மட்டும் மூன்று முறை. பாண்டா வெற்று இடத்தில் நின்று மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம், கண் தெரியாதவன் மாதிரி.

ஏழாவது லேன் தாண்டிவேயுடையது. நான்கும் எடுத்திருக்கிறாள். ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷம்.

எனக்கு வந்த கோபத்துக்குக் காய்ச்சலே இறங்கிவிட்டது. யேசுபாதத்தைக் கட்டிலுக்கு வரவழைத்தேன்.

"எப்படிடா பொதச்ச? கண்ட ஆழத்துல பொதச்சிருப்ப!"

"இல்ல சாப். அளவுகோல் வச்சில்லா பொதச்சேன். நீங்க செய்யுத மாதிரியேதான் செஞ்சேன். கை பம்பு முந்தாநாளே ஒடஞ்சு போச்சு, அதனால தண்ணி மட்டும் ஊத்தல."

"பார்த்தியா! ஒழுங்கா ஊத்தியிருந்தா..."

அப்புறம் என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. போகச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 22

யேசுபாதத்தோடு பேசவில்லை. மூன்று சட்டை துவைத்தேன். கொசுவலையில் ஓட்டை தைத்தேன்.

ஆகஸ்ட் 23

பம்பு சரியாகிவிட்டது. யாருக்கும் சொல்லாமல் மாலை ஒரு லேனுக்குத் தனியாகப் போனேன். குவளையோடு. மூன்று இடத்தில் தண்ணீர் ஊற்றி, அமுக்கி, புழுதி தூவிவிட்டு வந்தேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை தேவாலயத்துக்குப் போகவிருந்த பாண்டாவைப் பிடித்து, ஒரு சின்னப் பயிற்சி என்றேன். சிரித்துக்கொண்டே வந்தான். பதினோரு நிமிஷம். மூன்று சிவப்புக் கொடி. மூன்றும் நான் தண்ணீர் ஊற்றிய இடத்தில், அடி பிசகவில்லை.

நான் போய் ஒவ்வொரு கொடியையும் பிடுங்கி, கையாலேயே தோண்டிக் காட்டினேன். உள்ளே மண்தான் இருந்தது. அவன் சிரிப்பு நின்றது.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"தண்ணி ஊத்தின இடம் தெரியும் தம்பி சார். காய்ஞ்சா மண்ணு தோல் மாதிரி இறுகும். விடியறதுக்குள்ள கறையான் அடியில வந்து மேல ஒரு மெல்லிசுப் பூச்சு பூசிடும். கிராமத்துல எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், டவுன்ல வளர்ந்த தாண்டிவேக்குத்தான் தெரியாது. ஈசல் புடிக்கணும்னா புத்துப் பக்கமா தண்ணி ஊத்துவோம், மழை வந்துடுச்சுன்னு நெனச்சு மேல வரும். எந்த வூட்டுக்காரன் எங்க ஊத்தினான்னு பார்த்துப் பார்த்துத்தான் வளர்ந்தோம்."

"இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

அவன் முகத்தில் திருட்டு முழி இல்லை. அதுதான் என்னை அடித்தது.

"நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? எங்ககிட்டதான குடத்தை வாங்கி ஊத்துனீங்க. 'முதல்ல கண்ணால பாரு'ன்னீங்க. வெடிய இப்படித்தான் பொதைப்பாங்க, இப்படித்தான் பார்க்கணும்னு அடையாளம் காட்டுறீங்கன்னு நெனச்சோம்."

"அங்க வெடி வச்சவன் தண்ணி ஊத்தியிருப்பானாடா?"

பாண்டா நான் தோண்டிய குழியில் காலால் மண்ணைத் தள்ளினான். பிறகு மெல்லச் சொன்னான்: "ஊத்தியிருப்பான்னுதான் நெனச்சோம், சார்."

நானும் சின்ன வயதில் ஈசல் தின்றவன்தான். பொரியோடு கலந்து பை நிறைய வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். கறையானுக்கு ஈரம் தெரியும் என்பது எனக்குத் தெரியாததா? பெங்களூரில் புல்லும் மழையும் மூடிக்கொண்டது, இங்கே மண் என்னை அம்பலமாக்கிவிட்டது. இருபத்தேழு பேருக்குக் கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தரவில்லை, தணிகாசலத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தந்திருக்கிறேன். அவமானமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

யேசுபாதத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சாப், குழம்புக்கு இன்னைக்குப் புளி கெடச்சிருக்கு" என்றான்.

ஆகஸ்ட் 25

மேஜரிடம் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

செப்டம்பர் 11, 12 தேதிகளில் வெளிநாட்டுப் பரிசோதனைக் குழு வருகிறது. அவர்கள் முன்னால்தான் கடைசித் தேர்வு. அதற்கு டம்மி புதைப்பது யார் என்றால், பயிற்சி கொடுத்த குழு. அதாவது நான். ஒரு குடம் தண்ணீர் போதும், இருபத்தேழு பேரும் அமர்க்களமாகத் தேறிவிடுவார்கள், யாருக்கும் தெரியாது. இதை நான் சொல்லாமலேயே மேஜருக்குப் புரிந்தது. பேனாவை மேஜையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"சாப், அறிக்கை போயிடுச்சு. உன் பேரு மேல போயிடுச்சு. நீங்க தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான் சாப்."

"எல்லாரும் ஃபெயில் ஆனா?"

"ஃபெயில் ஆனவன் உசுரோட இங்கயே இருப்பான்."

அதற்குமேல் அவர் வாதாடவில்லை. "எத்தனை நாள் வேணும்?" என்று கேட்டார். இருப்பதே பதினேழு நாள் என்றேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்றார். முதல் அறிக்கை தவறு என்று தூதரகத்துக்குத் தானே கடிதம் எழுதினார். நல்ல மனிதர். 

ஆகஸ்ட் 26

இருபத்தெட்டுப் பேரையும் உட்கார வைத்து, நான் நின்று, முழுவதையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். இரண்டு தேர்வும் செல்லாது என்றேன். முணுமுணுப்பு எழுந்தது. பிறகு கையேட்டை எடுத்து இன்னொன்றும் சொன்னேன்: தேர்வுக்கு ஒரு மணி நேரம் என்ற விதி எந்தப் பக்கத்திலும் இல்லை. அது நான் என் பெருமைக்குப் போட்ட விதி. நேரக் கணக்கு இனி கிடையாது, தப்பவிட்டவன் மட்டுமே தோல்வி.

தாண்டிவே முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூச்சமாக இருந்தது.

வகுப்பு முடிந்து அவளை அழைத்தேன். "இனிமே டம்மிய நீ பொதைக்கணும்."

"நான் ரெண்டு முறை ஃபெயில் சார்."

"நான் இருபது வருஷமா ஃபெயில். நீ பொதை. எனக்கும் சொல்லாதே."

"கோபத்துல பொதைப்பேன் சார். கஷ்டமா இருக்கும்."

"அதான் வேணும்" என்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று ஓய்வு இல்லை. முட்டிக்குக் கட்டப் பழைய டயரை வெட்டிப் பட்டை செய்தோம், அறுபது பட்டை. கல்லும் முள்ளுமாக முட்டி கிழிந்து வருகிறார்கள். தாண்டிவே பொல்லாதவள். வேருக்கு அடியில் வைக்கிறாள், துருப்பிடித்த ஆணிக்குப் பக்கத்தில் வைக்கிறாள், வெறும் இடத்தில் தண்ணீர் ஊற்றி ஏமாற்றுகிறாள். அவள் எடுக்க வேண்டிய லேனுக்கு மட்டும் யேசுபாதம் புதைக்கிறான், அவனும் இப்போது பொல்லாதவன் ஆகிவிட்டான்.

பாண்டாவுக்குத்தான் ரொம்பச் சிரமம். கண் பழகிவிட்டது. டிடெக்டரைக் காதில் மாட்டினாலும் கண் மண்ணை மேய்கிறது. இன்று ஐந்தாவது முறை தவறினான். டிடெக்டரைப் போட்டு உடைக்கப் போனான். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தேன். தண்ணீரைப் பார்த்துவிட்டு இருவரும் சிரித்துவிட்டோம்.

செப்டம்பர் 5

நான்கு பேர் தேறுகிற நிலை. இருபத்தெட்டில் நான்கு.

செப்டம்பர் 9

பதினைந்து. கூவுகிற ஒவ்வொரு கல்லையும் தோண்டுகிறார்கள். முகாமே உழுத வயல் மாதிரி கிடக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

முடிந்தது.

பரிசோதகர்கள் மூன்று பேர், தொப்பியும் குறிப்புப் பலகையும். யார் புதைத்தது என்று கேட்டார்கள். தாண்டிவேயைக் காட்டினேன். பயிற்சி எடுப்பவளா என்று புருவத்தை உயர்த்தினார்கள். மேஜர் விளக்கினார். எடுத்து முடித்த லேனில் நான் முதலில் நடக்க வேண்டும் என்றதும், அது தேவையில்லை, கனமான உருளையை உருட்டிப் பார்த்தால் போதும் என்றார் ஒருவர். எங்களுக்குத் தேவை என்றேன்.

தாண்டிவே நேற்றே தேறிவிட்டாள். இரண்டு மணி ஐந்து நிமிஷம். இன்று மாலைக்குள் இருபத்தேழு பேர் முடிந்து பத்தொன்பது பேர் தேர்ச்சி. கடைசி லேன் பாண்டாவுடையது.

இரண்டரை மணி நேரம் முட்டி போட்டான். நான்கு கொடி வைக்க வேண்டும், மூன்று வைத்தான். மறுபடி தொடக்கத்திலிருந்து வந்தான். ஒன்பதாவது மீட்டரில் நான்காவது கொடி. எழுந்து நின்று என்னைப் பார்த்தான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. என் பிள்ளை தேறிவிட்டான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது மீட்டரில், இடது காலுக்கு அடியில், டிக்.

கொடி வைத்த நான்கில் ஒன்று வெறும் இரும்புத் துண்டு. வெடி ஏழாவது மீட்டரில் இருந்தது. நான் காலை எடுக்காமல் அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, யேசுபாதம் வந்து கையைப் பிடித்ததுதான் தெரியும். பாண்டா நாடாவுக்கு வெளியே மண்டிபோட்டு அழுதுகொண்டிருந்தான்.

போய் அவன் தலையைத் தூக்கினேன். "டேய், என்னைப் பார்ரா. நான் இருக்கேன் இல்ல? உசுரோடதான இருக்கேன்? போதும். எழுந்திரு."

பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே தோல்வி என்று எழுதினேன். 

செப்டம்பர் 13

எல்லையில் நாங்கள் வெடி எடுத்த வருஷம் எனக்கு இருபத்தோரு வயது. அன்று கையெழுத்துப் போட்டு முதலில் நடந்தவர் ஏகாம்பரம் அண்ணன். பதினோராவது லேன். பாதியில் வெடித்தது, அண்ணன் போய்விட்டார். அந்த லேன் யார் பெயரில் இருந்தது என்று விசாரணையில் பதிந்திருப்பார்கள்.



செப்டம்பர் 14, ஞாயிறு

அண்ணிக்கு போன் செய்தேன். சிக்னல் நன்றாக இருந்தது. அந்தப் பதினோராவது லேனை எடுத்தவன் நான்தான் என்று, இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன்.

"தெரியும் தணிகாசலம்" என்றார். "கூட இருந்தவங்க அன்னைக்கே சொல்லிட்டாங்க. உன் வாயால வருமான்னுதான் பார்த்துனு இருந்தேன். கல்யாணத்துக்கு வர முடியாதுன்னா, வந்த பிறகு பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டு ஒரு வேளை சோறு போடு."

போடுகிறேன் என்றேன். பிறகு குழாயடியில் போய் முகம் கழுவினேன், வெகுநேரம் கழுவினேன்.

செப்டம்பர் 20

பத்தொன்பது பேர் விமானம் ஏறினார்கள். குறைந்த ஒன்பது பேருக்காகப் பட்டாளம் காத்திருக்கவில்லை. அவர்களுக்கு மறுபயிற்சி, நானும் யேசுபாதமும் டிசம்பர் வரை இருக்க வேண்டும். வளர்மதி திட்டினாள், பிறகு ஊறுகாய் அனுப்புகிறேன் என்றாள். என் பாராட்டுக் கடிதம் திரும்பி வந்துவிட்டது, அதில் ஆச்சரியம் இல்லை. மேஜர் அதை மடித்து என்னிடமே கொடுத்தார். ஆடுகிற மேஜைக்கு அடியில் வைத்தேன், இப்போது ஆடவில்லை.

தாண்டிவே கடைசியாக வந்து சல்யூட் அடித்தாள். "அங்கயும் லேன்ல யார் சார் முதல்ல நடக்கணும்?"

"கையெழுத்துப் போடுறவங்க."

"அங்க கையெழுத்து நான்தான் போடணும்."

"அப்ப நீதான் நடக்கணும்" என்றேன்.  விமானத்தளத்துக்கு லாரி கிளம்பிவிட்டது.

அக்டோபர் 29

தாண்டிவே செய்தி அனுப்பியிருக்கிறாள். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"கிணத்துக்குப் போற பாதையில முதல் நிஜ வெடி. மேல ஒரு அடையாளமும் இல்ல, காஞ்ச மண்ணு. பின்னாடி லாரிக்காரங்க ஹார்ன் அடிச்சாங்க. ரெண்டு மணி நாப்பது நிமிஷம். ரெண்டு எடுத்தேன். அப்புறம் நான் முதல்ல நடந்தேன். எனக்குப் பின்னால குடத்தோட பதினாலு பொம்பளைங்க நடந்தாங்க."

பாண்டாவுக்குப் படித்துக் காட்டினேன். அவன் டிடெக்டரை எடுத்துக்கொண்டு லேனுக்குப் போனான்.

பழைய பதிவேட்டை எடுத்தேன். அவள் பெயருக்கு நேரே இரண்டு முறை 'தோல்வி – மெதுவு'. அடிக்கவில்லை. நான் எழுதியது, என் கையெழுத்தோடு இருக்கட்டும். அவளுக்குப் பதில் அனுப்பினேன், இரண்டே வார்த்தை: "சபாஷ், தம்பி." எங்கள் படையில் அதற்குமேல் பட்டம் கிடையாது.

நவம்பர் 11

முதல் மழை. நேற்று மாலை தொடங்கி விடியும் வரை. காலையில் முகாம் முழுக்க ஈசல். ஒன்பது பேரும் வாளியோடு ஓடினார்கள், யேசுபாதமும் ஓடினான். பாண்டா உப்புப் போட்டு வறுத்து ஒரு தட்டு என் முன்னால் வைத்தான்.

"சாப்பிடுங்க தம்பி சார். அப்புறம் தேர்வு வைங்க. இன்னைக்கே."

"இன்னைக்கா? மண்ணெல்லாம் சேறுடா."

"அதுக்குத்தான் சார். இன்னைக்கு எல்லா இடத்துலயும் தண்ணி. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது."

யேசுபாதம் புதைத்தான். பாண்டா சேற்றில் மூன்று மணி நேரம் கிடந்தான். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, காதில் மாட்டியதைக் கையால் அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு கூவலுக்கும் முட்டி போட்டான். ஆணி ஒன்று, டப்பா மூடி ஒன்று, கற்கள் கணக்கில்லை. கொடி நான்கு. எழுந்து நின்றபோது அவன் என்னைப் பார்க்கவில்லை, லேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூட்ஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஏழாவது மீட்டர் வந்தது, போனது. பத்து மீட்டரும் நடந்து, திரும்பியும் நடந்தேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.